பெண்ணின் மூட்டு பலவீனமானதல்ல

வாலிபாலில் மூட்டு ஜவ்வு கிழிவது பெரும்பாலும் யாரும் இடித்துத் தள்ளியதால் அல்ல. எம்பி ஸ்மாஷ் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும் நொடியில்தான் அது நடக்கிறது. முட்டி சரியாக மடங்காமல் விறைத்து நிற்கும், உள்பக்கமாகச் சாயும், உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். விழுந்தது பெண் என்றால், சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது: "பொண்ணுங்களுக்கு மூட்டு வீக்." இது தவறு. தடுத்திருக்கக்கூடிய காயங்களைக்கூட விதி என்று நாம் விட்டுவிடுவது இந்த நினைப்பால்தான்.

வேறுபாடு எங்கே இருக்கிறது?

நாம் எம்பிக் குதிக்க உதவுவது தொடையின் முன்பக்கத் தசை. அது முட்டியை நீட்டும்போது கீழ்க்கால் எலும்பையும் முன்னால் இழுக்கப் பார்க்கும். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசை கடிவாளம்போல அந்த எலும்பைப் பின்னால் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடி தளர்ந்தால், சுமையின் பெரும்பகுதி மூட்டுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வின் மேல் விழுகிறது.

பருவ வயதில் பையன்களுக்கு உயரமும் எடையும் கூடும்போது தசை வலிமையும் சேர்ந்தே வளர்கிறது. பெண்களுக்கு உயரமும் எடையும் கூடும் அளவுக்குத் தசை வலிமை தானாகக் கூடுவதில்லை. அதனால் தரையிறங்கும்போது பல பெண்கள் முன்பக்கத் தசையையே அதிகம் நம்புகிறார்கள். பின்தொடையும் இடுப்பும் போதிய பிடி கொடுக்காததால் முட்டி உள்ளே சாய்கிறது. குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரு மடங்குக்கும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆண்களுக்கும் ஆபத்து உண்டு, வேறு வகையில். பலத்தோடு திரும்பத் திரும்பக் குதிப்பதால், முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் பழுதாகி வலிக்கும் 'ஜம்பர்ஸ் நீ' அவர்களிடம் அதிகம். 2005இல் வெளிவந்த நார்வே ஆய்வில், முன்னணி ஆண் வாலிபால் வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு அது இருந்தது.

ஆறு வாரத்தில் மாற்றம்

1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நம் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி வாலிபால் பெண்கள் 11 பேருக்கு, சரியாகக் குதித்து இறங்கும் பயிற்சி 6 வாரம் தரப்பட்டது. பிளாக் செய்துவிட்டு இறங்கும்போது காலில் ஏறும் அதிர்ச்சி 22 சதவீதம் குறைந்தது. முன்பக்கத் தசையோடு ஒப்பிட்ட பின்தொடை வலிமை ஒரு காலில் 26, மறு காலில் 13 சதவீதம் கூடியது. குதிக்கும் உயரமும் சுமார் 10 சதவீதம் உயர்ந்தது. ஆக, காயத்தைத் தடுக்கும் பயிற்சி ஆட்டத்தையும் மேம்படுத்துகிறது.

காயத்தைத் தடுக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று நாள், ஆட்டத்துக்கு முன் 15 முதல் 20 நிமிடம் போதும்.

- இரண்டு காலிலும் இறங்கப் பழகுங்கள். முட்டியும் இடுப்பும் மடங்க வேண்டும். முட்டி, கால்விரல்களின் நேர்க்கோட்டிலேயே இருக்க வேண்டும். சத்தமில்லாமல் இறங்கினால் சரியாக இறங்குகிறீர்கள்.
- மண்டியிட்டு நில்லுங்கள், தோழி கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். முதுகை வளைக்காமல், முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றுங்கள். பின்தொடைக்கு இது அருமையான பயிற்சி. முதலில் நாலைந்து முறை போதும்.
- ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்துப் போடுங்கள். முட்டி உள்ளே சாயாமல் ஒருவர் கவனிக்கட்டும்.

அடிபட்டால்

சத்தம் கேட்டாலோ, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது கால் நழுவுவதுபோல் இருந்தாலோ ஆட்டத்தை நிறுத்துங்கள். எண்ணெய் போட்டு நீவுவது, சுளுக்கு எடுப்பது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைத்துவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. 'எலும்பு நல்லா இருக்கு' என்றதோடு திரும்பிவிடாமல், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

அறுவை சிகிச்சை செய்தால் 9 மாதமாவது போட்டிக்குத் திரும்பக் கூடாது. இரு கால்களின் வலிமையையும் ஒப்பிட்டுச் சோதித்த பிறகே களமிறங்க வேண்டும். 'மாவட்டப் போட்டி வருது, ஒரு மேட்ச் மட்டும் ஆடு' என்று சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

உங்கள் உரிமைகள்

2022 நவம்பரில் சென்னையில் ஒரு 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, முட்டி ஜவ்வு சிகிச்சைக்குப் பின் காலில் போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். அந்தத் துயரம் நமக்குச் சொல்வது இதுதான்: அறுவைக்குப் பின் பாதம் சில்லிட்டாலோ, மரத்தாலோ, நிறம் மாறினாலோ, மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவரைக் கூப்பிட்டுக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 'வலி இருக்கத்தான் செய்யும்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

சிகிச்சைக்கு முன் பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை உங்கள் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று சேரும்முன் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனை குறித்த புகாருக்கும் 104. மருத்துவரின் அலட்சியம் குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், வழிகாட்டுதலுக்கு 1915.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளை அணியில் சேர்க்கும்போது உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்: தரையிறங்கும் பயிற்சி உண்டா? பின்தொடைக்குப் பயிற்சி தருகிறீர்களா? அடிபட்டால் யார், எங்கே அழைத்துப் போவார்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். பயத்தில் மகளை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.