குற்றாலத்தில் குளிக்கத் தடையா? தென்காசியைச் சாப்பிட்டுப் பார்க்க ஒரு கைடு

‘பேரருவியில் வெள்ளப்பெருக்கு, சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை.’ சீசன் நேரத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, காலையில் தென்காசியில் இறங்கும்போது போனில் இந்த நோட்டிஃபிகேஷன் வந்தால் எப்படி இருக்கும்?

பலர் ஒரு டீயைக் குடித்துவிட்டு ரிட்டர்ன் டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். தடை அருவிக்குத்தான், அடுப்புக்கு இல்லை.

முதலில், அருவியை ஏன் மூடுகிறார்கள்?

குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டு இருக்கும். ஆனால், மேலே மலையில் மழை கொட்டினால் சில நிமிடங்களில் தண்ணீர் பாய்ந்து வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதனால் தடை என்றால் தடைதான். ‘ஓரமா நின்னு குளிச்சுக்கிறோம்’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் சீசனை நம்பித்தான் இங்கே சிப்ஸ் கடை, பழக்கடை, பஜ்ஜிக் கடை போடுகிறார்கள். அந்த மூன்று மாத வியாபாரம்தான் பலருக்கு வருஷக் கணக்கு. அருவி மூடினால் கூட்டம் போய்விடும். கூட்டம் போனால் கல்லா காலி. ஒரு நாள் தங்கி, ஊரைச் சுற்றிச் சாப்பிட்டால் பயணமும் வீணாகாது, கடைக்காரருக்கும் அன்றைய பொழுது ஓடும்.

‘பார்டர் பரோட்டா’... எந்த பார்டர்?

சென்னை, கோவை, மதுரை என்று எங்கே போனாலும் ‘பார்டர்’ போர்டு கண்ணில் படும். அந்தப் பெயர் பிறந்த இடம் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் உள்ள பிரானூர். இன்றைக்கு அங்கே போய் நின்றால் பார்டர் எதுவும் தெரியாது. கேரள எல்லை அங்கிருந்து இன்னும் மேற்கே, மலைப் பக்கம் இருக்கிறது.

அப்புறம் ஏன் அந்தப் பெயர்? செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தென்காசி மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே எல்லை ஓடியது பிரானூர் பகுதியில். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி தமிழகத்துக்கு வந்தது. மீதி கேரளத்திலேயே தங்கிவிட்டது. எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நகரவில்லை. பிரானூரின் ரஹ்மத் கடை ‘பார்டர் கடை’ என்று ஊர் ஊராகப் பேர் வாங்க, இன்று அந்த ரோடு முழுக்க பார்டர் கடைகள்தான்.

என்ன ஸ்பெஷல்? விருதுநகர் பரோட்டா எண்ணெயில் பொரிந்து மொறுமொறுவென்று வரும். இங்கே பரோட்டாவைக் கல்லில் போட்டு எடுத்து, அடித்து, இலையில் சூடாக வைப்பார்கள். சின்னதாக, மிருதுவாக இருக்கும். பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழியோ காடையோ இருந்தால் கணக்கு சரி. வார இறுதியில் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால் இலைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் முன்னாடியே போய்விடுவது நல்லது.

சிப்ஸ் வாசம் எங்கிருந்து வருகிறது?

அருவிக்குப் போகும் வழியெல்லாம் பெரிய இரும்புச் சட்டியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிந்துகொண்டிருக்கும். கேரள வாசம் அப்படியே அடிக்கும். ஆச்சரியமில்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக இரண்டு பக்கத்து மக்களும் சரக்கும் காலங்காலமாகப் போய்வரும் பாதை இது. 1904-ல் கொல்லம் - செங்கோட்டை ரயிலும் வந்து சேர்ந்தது. வாழை, மரவள்ளி, தேங்காய் எண்ணெய் எல்லாம் இங்கே அந்நியமே இல்லை.

வாங்கும்போது ஒரு விஷயம்: பாக்கெட்டில் அடுக்கி வைத்ததை விட, கண் முன்னே சட்டியிலிருந்து அள்ளுவதைக் கேளுங்கள். எந்த எண்ணெய் என்றும் கேட்கலாம். தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்றால் வாசமே காட்டிக்கொடுத்துவிடும்.

அருவித் தண்ணீரில் நனைந்து, உதடு நடுங்க வெளியே வருபவர்களுக்கு மிளகாய் பஜ்ஜியும் சுக்குக் காபியும் தனி சுகம். சாரலில் நின்று சாப்பிட்டாலும் அதே சுகம்தான்.

மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான்: இவை நம்ம ஊர்ப் பழங்களா?

பூர்வீகம் மலேயா பக்கம். ஆனால், குற்றாலத்து மலைத் தோட்டங்களில் இவை விளைகின்றன. வெளியூர்ப் பயிர்களை இங்கே வளர்த்துப் பார்ப்பது பழைய கதை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கிழக்கிந்திய கம்பெனி குற்றாலத்தில் தோட்டம் போட்டு கிராம்பு, ஜாதிக்காய் வளர்த்திருக்கிறது. மழையும் நிழலும் ஈரமும் உள்ள மலையடிவாரம் இந்தப் பயிர்களுக்கு ஒத்துப்போனது.

மங்குஸ்தான் வாங்கும்போது பழத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சின்னப் பூ மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. தோல் அமுக்கினால் லேசாகக் கொடுக்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு. தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை.

துரியானைச் சுற்றி ஒரு நம்பிக்கை உண்டு: சாப்பிட்டால் குழந்தை பாக்கியம் கிடைக்கும் என்று. அதற்காகவே அதிக விலை கொடுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பழம் ருசியானது, சத்தானது. ஆனால், குழந்தையின்மைக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள், சிகிச்சைக்கு டாக்டரைப் பாருங்கள். அப்புறம் அதன் வாசனை. சிங்கப்பூரில் மெட்ரோ ரயிலுக்குள் துரியான் கொண்டுபோகவே அனுமதியில்லை. லாட்ஜ் ரூமுக்கு எடுத்துப்போகும் முன் யோசியுங்கள்.

சீசன் முடிந்த பிறகும் இந்தப் பழங்கள் கடையில் இருக்கலாம். அப்போது ‘உள்ளூர்ப் பழமா?’ என்று கேட்டு வாங்குவது உத்தமம்.

மெனு கார்டில் இல்லாத சாப்பாடு

பரோட்டா, சிப்ஸ், பழம் மட்டுமே தென்காசி இல்லை. இந்த வட்டாரத்து வீடுகளின் நிஜமான சமையல் ஹோட்டல் போர்டில் அபூர்வமாகத்தான் தென்படும்.

உளுந்தம்பருப்புச் சோறு: தோல் உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய் எல்லாம் சேர்த்து ஒரே பானையில் குழைய வேகவைப்பது. ஜோடி, எள்ளுத் துவையல்.

கூட்டாஞ்சோறு: அரிசியும் துவரம்பருப்பும் கிடைத்த காய்களும் முருங்கைக்கீரையும், தேங்காய் - சீரக அரைப்போடு சேர்ந்து வேகும். வடாம் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

சொதி: தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் வேகவைத்துச் செய்யும் நெல்லைக் குழம்பு. கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குப் பரிமாறுவதால் ‘மாப்பிள்ளை சொதி’ என்றே பெயர். பக்கத்தில் இஞ்சித் துவையல் இருக்கணும். இல்லைன்னா தேங்காய்ப்பால் செரிக்காதுன்னு பெரியவங்க சொல்வாங்க.

இவற்றை எப்படிச் சாப்பிடுவது? வீட்டுச் சமையல் மெஸ்ஸிலோ, தங்கும் இடத்தில் சமைத்துத் தருபவரிடமோ முந்தின நாளே சொல்லி வையுங்கள். கேட்பவர் இருந்தால்தான் செய்பவரும் இருப்பார். எல்லாரும் பரோட்டாவை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த தலைமுறைக்கு உளுந்தம்பருப்புச் சோறு யூடியூபில்தான் மிஞ்சும்.

அல்வாவும் பிரியாணியும்?

அல்வா திருநெல்வேலியின் சொத்து. தென்காசியிலும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். பிரியாணி வேண்டும் என்றால் இதே மாவட்டத்தின் சங்கரன்கோவில் பக்கம் வண்டியைத் திருப்பலாம். மட்டன் பிரியாணிக்குப் பேர்போன ஊர். போகிற வழியைக் கொஞ்சம் மாற்றினால், எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியும் வரும். ஊறுகாய்க்கு ஒரு பை வாங்கிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் கவனிக்க...

* கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்குகள் விடாது. பையை மூடி வையுங்கள். பாவம் பார்த்துத் தீனி போடவும் வேண்டாம்.
* ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. பை கையோடு இருக்கட்டும்.
* ‘மலைத்தேன்’ என்று சொன்னதும் வாங்காமல், லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள்.
* கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் அதிகம். சைவச் சாப்பாடு தேடுபவர்களுக்கு வசதியான நேரம். பழம் தேடுபவர்களுக்கு இல்லை.

அருவி எப்போது திறக்கும் என்பது மலையில் பெய்யும் மழையைப் பொறுத்தது. அதுவரை பிரானூரில் கல் சூடாகத்தான் இருக்கும்.