முத்துமாலையும் நீர்க்கட்டியும்

"நீர்க்கட்டி இருக்காம்ட்டி" என்று அக்கா போனில் சொன்னபோது அவள் குரல் அடைத்திருந்தது. முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடி டவுனுக்குப் போய் மகளுக்கு ஸ்கேன் எடுத்துத் திரும்பிய கையோடு கூப்பிட்டிருந்தாள். மகளுக்கு வயது 15. சடங்கு வைத்து இரண்டு வருஷம். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சிலசமயம் இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை என்று இழுத்துக்கொண்டிருந்தது. முகத்தில் பருக்கள் வேறு. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சின்னச்சின்னக் கட்டிகள் என்று எழுதியிருந்தது. ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். "கட்டியக் கரைச்சாத்தான் நாளைக்கு ஒரு பிள்ளை தங்கும்னு சொல்லுதாவ" என்றாள்.

இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்றேன். அக்கா தயங்கினாள். "மொத டாக்டருக்குத் தெரிஞ்சா கோவப்பட மாட்டாங்களா?"

நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை மிரட்டும் சொல்லாக 'நீர்க்கட்டி' ஆகிவிட்டது. அந்தச் சொல்லே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. பிசிஓஎஸ், பிசிஓடி என்று சொல்லப்படும் நிலையில் ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல. ஒவ்வொன்றும் சினைமுட்டையைச் சுமக்கும் சின்னப் பை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அகலம். எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் இவை உண்டு. மாதந்தோறும் சில பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்தி வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். இன்சுலினும் மூளையடிச் சுரப்பியின் ஒரு ஹார்மோனும் அளவுக்கு மீறித் தூண்டினால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. அவற்றில் கரைப்பதற்கு ஒன்றுமில்லை.

நின்றுபோன பைகள் சினைப்பையின் ஓரத்தில் வரிசையாகத் தெரிவதை ஸ்கேன் மருத்துவர்கள் 'முத்துமாலை' என்றே வர்ணிக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடிக் கரையில் வளர்ந்தவளுக்கு அந்தப் பெயர் சட்டென்று பிடிபடும். 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. எடுத்த முத்துகளைத் தரம் பிரிக்க ஒன்றன்கீழ் ஒன்றாகப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். 20 ஓட்டை உள்ளதில் தொடங்கி 1000 ஓட்டை உள்ளது வரை. ஒரு முத்து எந்த அளவு வகையில் சேரும் என்பதை அது எந்தச் சல்லடையில் நின்றது என்பதுதான் முடிவு செய்தது.

பிசிஓஎஸ் விஷயத்திலும் சல்லடை ஒன்றல்ல. 1935இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது, அறுவை செய்து சினைப்பையைக் கண்ணால் பார்த்துத்தான் பேசினார்கள். 1990இல் அமெரிக்காவில் வகுத்த வரையறையில் ஸ்கேனுக்கு இடமே இல்லை. 2003இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் அதைச் சேர்த்தார்கள்: முட்டை ஒழுங்காக வெளிவராதது, ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பது, ஸ்கேனில் பைகள் மிகுந்திருப்பது, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். அன்று 12 பைகள் இருந்தாலே 'மிகுதி'. ஸ்கேன் கருவிகள் நுட்பமாகி, முன்பு தெரியாத பைகளும் தெரியத் தொடங்கியதும் 2018இன் சர்வதேச வழிகாட்டி அந்த எண்ணை 20 ஆக்கியது. 12ஐ வைத்துக்கொண்டு புதுக் கருவியில் பார்த்தால், நலமாக இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு நோய்ப் பெயர் ஒட்டிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2024இல் வெளியானது. 18 முதல் 40 வயது வரையிலான பெண்களைப் பார்த்தார்கள். 1990 வரையறைப்படி அவர்களில் 7.2 சதவீதத்தினருக்கு பிசிஓஎஸ். ராட்டர்டாம் வரையறைப்படி 19.6 சதவீதத்தினருக்கு. அதே பெண்கள், அதே ரத்தம், அதே ஸ்கேன். ஒரு டாக்டர் இருக்கிறது என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொன்னால், இருவரில் ஒருவர் விவரமில்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் எந்த அளவுகோலை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அக்கா மகள் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முந்தி வரவேண்டிய கேள்வியை, அக்கா ஒருவழியாகச் சம்மதித்துப் போய்ப் பார்த்த இரண்டாவது டாக்டர்தான் கேட்டார்: "சடங்காகி எத்தனை வருஷம்மா ஆச்சு?" பருவமெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் சினைப்பை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக்கூடாது என்கின்றன 2018, 2023 சர்வதேச வழிகாட்டிகள். அந்த வயதில் நிறையப் பைகள் இருப்பது இயல்பு. ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையும் அந்த வயதுக்கு ஆகாது. முதல் வருஷம் சுழற்சி எப்படி வந்தாலும் இயல்புதான். ஒன்று முதல் மூன்று வருஷம் வரை 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இருக்கலாம். வளரிளம் பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டுமானால் ஒழுங்கற்ற சுழற்சி, ஆண் ஹார்மோன் மிகுதி இரண்டுமே உறுதியாக வேண்டும்.

அவர் ஸ்கேனைத் திரும்ப எடுக்கவில்லை. தைராய்டு, புரோலாக்டின், அட்ரீனல் சுரப்பிக் கோளாறைக் காட்டும் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். இந்தக் கோளாறுகளும் மாதவிடாயைத் தள்ளிப்போடும். இவற்றை விலக்கிய பிறகே பிசிஓஎஸ் என்ற பேச்சு வரவேண்டும். எல்லாம் சரியாக இருந்தன. "இப்ப ஒண்ணும் பேர் வைக்க வேண்டாம். வர வாய்ப்பிருக்குன்னு மட்டும் குறிச்சு வைப்போம். சாப்பாடு, ஓட்டம் பார்த்துக்கட்டும். தேதிகளை எழுதிவைங்க" என்றார். அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. உண்டு, இல்லை என்று ஒன்றைக் கேட்கத்தானே போனாள்!

இரண்டாவது ஆலோசனை என்றால் முதல் முடிவு புரண்டுவிடும் என்றில்லை. சில பெண்களுக்கு அது முதல் முடிவை உறுதி செய்து, விட்டுப்போனதைச் சேர்க்கும். பிசிஓஎஸ் உறுதியானவர்கள் ஒல்லியாக இருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் சர்க்கரை பார்ப்பது நல்லது. நம் பக்கத்து உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருகிறது. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்ற பேச்சு எனக்கு உண்மையாகவே கோபமூட்டுவது இதனால்தான். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே போனால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பின்னாளில் புற்றுநோய்வரை போகும் வாய்ப்புண்டு. தாலி கட்டினால் இன்சுலின் அடங்கிவிடாது.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடுத்த ஆண் ஹார்மோன் பரிசோதனையை நம்பக்கூடாது. குறைந்தது மூன்று மாதம் நிறுத்திய பிறகே எடுக்க வேண்டும். அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். குழந்தைக்காகக் காத்திருப்பவரிடம், வேறு குறை எதுவும் இல்லாதபோது எடுத்த எடுப்பில் அறுவையோ சோதனைக்குழாய் சிகிச்சையோ பேசினால், லெட்ரோசோல் மாத்திரையில் தொடங்கலாமா என்று இன்னொருவரிடம் கேட்பது முறை. சில மாதங்களுக்குள் குரல் தடித்து, முகத்தில் வேகமாக முடி வளர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஹார்மோன் சுரக்கும் கழலை இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

முதல் டாக்டர் கோபப்படுவாரோ என்ற அக்காவின் பயத்துக்கு வருகிறேன். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது ஆலோசனையும் ஓர் உரிமை. முதல் மருத்துவமனை பதிவேடுகளைத் தடையின்றித் தரவேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002இன் மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. நம்மில் பலர் பழைய ரிப்போர்ட்டை மறைத்துவிட்டு, 'இவர் என்ன சொல்றார்னு பாப்போம்' என்று இரண்டாமவரைப் பரீட்சை செய்கிறோம். தயவுசெய்து வேண்டாம். அதே ஸ்கேனுக்கு மறுபடி காசு கொடுப்பதுதான் மிச்சமாகும். உப்பளத்துக்குப் போகும் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு நெல்லைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்க எல்லாத் தாள்களும் பையில் இருக்க வேண்டும். சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி தேதிகள்தான். அக்கா வீட்டு அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில் மகள் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறாள். முதலில் 61 நாள் இடைவெளி, அடுத்தது 52. போன வாரம் அக்கா போன் செய்து, "நாப்பத்தி மூணு நாளுட்டி" என்றாள். இந்தமுறை குரல் அடைக்கவில்லை.