மீன்தொட்டியில் ஏன் இந்தச் சண்டை?

பெங்களூரின் தெற்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. இரண்டே அறைகள் கொண்ட வாடகை வீட்டில் நாய் வளர்க்க இடம் இராது. வீட்டு உரிமையாளரும் எளிதில் இசைய மாட்டார். மீன்தொட்டிக்கு அத்தகைய தடை இல்லை. இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தால் போதும், சிறிய கூடத்திற்கும் தனி அழகு வந்துவிடும்.

கடைக்குச் செல்லும் சிறுவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே மீன்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். நான்கு கப்பி, இரண்டு மோலி, ஓர் ஏஞ்சல், உடலில் கரிய பட்டைகள் கொண்ட இரண்டு டைகர் பார்ப் என ஒரே தொட்டியில் எல்லாம் சேர்கின்றன. சில நாள்களில் ஏஞ்சலின் நீண்ட துடுப்பு கிழிந்து தொங்குகிறது. கப்பி ஒன்று மூலையில் ஒடுங்கி, இரை தின்ன மறுக்கிறது. உடனே டைகர் பார்ப்பின்மீது பழி விழுகிறது. ஆனால், அதன் இயல்பை அறிந்தவர்கள் அதனைப் பொல்லாத மீன் என்று சொல்ல மாட்டார்கள்.

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். தன் இனத்தாரோடு துரத்தி விளையாடி, யார் பெரியவர், யார் சிறியவர் என்னும் வரிசையை அது அமைத்துக்கொள்ளும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மீன்கள் இருந்தால் அவற்றின் குறும்பு பெரும்பாலும் கூட்டத்திற்குள்ளேயே அடங்கிவிடும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், அருகில் மெல்ல நீந்தும் மீனின் நீண்ட துடுப்பே அவற்றுக்கு விளையாட்டுப் பொருளாகிவிடும்.

மற்றொரு காரணம் இடம். ஆற்றில் தோற்ற மீன் விலகி ஓடிவிடும். வென்ற மீனும் அத்துடன் விட்டுவிடும். கண்ணாடிச் சுவருக்குள் தோற்ற மீன் எங்கே ஓடும்? அதனால் துரத்தல் ஓய்வதே இல்லை. கடிபட்ட இடத்தில் பூஞ்சை பற்றி, மீன் இறக்கவும் நேரிடும்.

எதைக் கண்டு மீன் சினம் கொள்கிறது என்பதை நிக்கோ டின்பெர்கன் என்னும் டச்சு அறிஞர் ஆராய்ந்தார். முட்டையிடும் பருவத்தில் ஆண் ஸ்டிக்கிள்பேக் மீனின் வயிறு சிவந்துவிடும். டின்பெர்கன் மீன் உருவங்களைச் செய்து தொட்டிக்குள் காட்டினார். அச்சு அசலாக இருந்தும் சிவப்பு இல்லாத உருவத்தை ஆண் மீன் அதிகம் பொருட்படுத்தவில்லை. மீனைப் போலவே இல்லாத, அடிப்பகுதி சிவந்த கட்டையைப் பாய்ந்து தாக்கியது! சன்னலுக்கு வெளியே சிவப்பு நிற அஞ்சல் வண்டி சென்றபோதுகூட மீன்கள் அதனை எதிர்க்க முனைந்தனவாம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக 1973ஆம் ஆண்டில் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கண்ணில் படுவதே சண்டையைத் தூண்டுகிறது என்றால், பார்வையை மறைப்பது நல்ல மருந்து. கற்களையும் நீர்ச்செடிகளையும் தொட்டியின் நடுவே வைக்கலாம். உடைந்த மண்சட்டியின் கூரிய விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் அஞ்சிய மீனுக்கு ஒளிவிடம் கிடைக்கும். புதிய மீனை விடும் நாளில் இவற்றை இடம் மாற்றி அடுக்குவது அனுபவமுள்ளோர் கையாளும் முறை. பழைய எல்லைகள் குலைந்துபோவதால், முன்பே இருந்த மீனுக்கும் அந்த இடம் புதிதாகிவிடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு விடுவது இன்னும் நல்லது. அப்படியும் அடங்காத மீனைச் சில நாள் வேறொரு தொட்டியில் வைத்துத் திரும்ப விடலாம்.

சில சண்டைகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடு என்னும் சிறு மீன், கேரளத்துக் கரிமீனின் உறவினம். அது முட்டையிட்டதும் தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் காக்கும். நெருங்கும் மீன்களை விரட்டும். குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் ஊறும் கோழையையும் உண்டு வளரும். அப்போது இடம் மாற்ற வேண்டியவை மற்ற மீன்களே.

சண்டை மீனுக்கு இந்த முறைகள் பயன்படா. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலும் அது செவுளை விரித்துச் சீறும். தாய்லாந்து 2019இல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது இம்மீனைத்தான். நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிக்க வல்லதாதலால், கடைகளில் இதனைச் சிறு புட்டிகளில் வைக்கின்றனர். உயிர் பிழைத்திருப்பது வேறு, நலமாக வாழ்வது வேறு அல்லவா?

ஆஸ்கார், பிளவர்ஹார்ன் முதலியவற்றின் கதையும் இதுபோன்றதே. விரல் நீளத்தில் வாங்கிய ஆஸ்கார் 30 செ.மீ. அளவுக்கு வளரும், வாய்க்கு அடங்கும் மீன்களை விழுங்கிவிடும். அந்நிலையில் சிலர் அதனை ஏரியில் விட்டுவிட எண்ணுகின்றனர். பொம்மனஹள்ளிக்கு அருகிலேயே மடிவாளா ஏரியும் பேகூர் ஏரியும் உள்ளன. அங்குள்ள நாட்டு மீன்களுக்கு இந்த அயல் விருந்தாளியை எதிர்க்கும் வழி தெரியாது. 2018ஆம் ஆண்டு கேரள வெள்ளத்திற்குப் பின், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா போன்ற பெரிய அயல்நாட்டு மீன்கள் அம்மாநில ஆறுகளில் பிடிபட்டன. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமும் ஒப்படைக்கலாம். "இது எவ்வளவு பெரிதாக வளரும்? யாரோடு சேர்ந்து வாழும்?" என்னும் இரண்டு கேள்விகளை வாங்கும்போதே கேட்டுவிட்டால் அந்த அலைச்சலும் மிச்சம்.