எரிந்த ஏடுகளும் எஞ்சிய ஊர்ப்பெயர்களும்

அயர்லாந்தியர் தம் மூதாதையரைத் தேடும் வழிகள்

1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் டப்ளின் நகரின் வான்வெளியெங்கும் கருகிய காகிதத் துண்டுகள் பறந்தன. அயர்லாந்தின் உள்நாட்டுப் போர் தொடங்கிய நாட்கள் அவை. லிஃபி ஆற்றங்கரையில் 'நான்கு நீதிமன்றங்கள்' என வழங்கும் கட்டடத் தொகுதியில் நிலைகொண்டிருந்த ஒரு தரப்பினர்மீது மறுதரப்பினர் பீரங்கித் தாக்குதல் நடத்தினர். அதே வளாகத்தில் நாட்டின் பொது ஆவணக் காப்பகமும் இருந்தது. வெடிப்பிலும் தீயிலும் ஏழு நூற்றாண்டு கால ஆவணங்கள் ஒரே நாளில் சாம்பராயின. 1821, 1831, 1841, 1851ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டு ஏடுகள், மரண சாதனங்கள், அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் புரட்டஸ்தாந்துத் திருச்சபையின் பதிவேடுகளிற் பாதிக்கும் மேற்பட்டவை ஆகிய யாவும் அவற்றுள் அடங்கின.

பழியனைத்தையும் தீயின்மீது சுமத்துதல் பொருந்தாது. 1861, 1871ஆம் ஆண்டுகளின் குடிசன ஏடுகளைப் புள்ளிவிபரம் திரட்டியபின் அரசே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதலாம் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிசன மதிப்பீடுகளுள் இன்று கிடைப்பவை சிதறிய சில பகுதிகளே. முழுமையாக எஞ்சியவற்றுள் மிகப் பழையவை 1901, 1911ஆம் ஆண்டுகளுக்குரியவை.

இந்த இழப்பின் கனத்தை உணர, அந்நூற்றாண்டில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோய் பெரும் பஞ்சமாக முற்றியது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841இல் எண்பது இலட்சத்தைத் தாண்டியிருந்த குடித்தொகை 1851இல் ஏறத்தாழ அறுபத்தைந்து இலட்சமாயிற்று. இன்று ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் தம்மை அயர்லாந்து வழிவந்தோர் என்கின்றனர். ஓடியவர்களின் காலத்து ஏடுகள் எரிந்துபோக, இவர்கள் தம் பாட்டன் பூட்டனின் ஊரை எவ்வாறு கண்டறிகின்றனர்?

குறிச்சியின் பெயர்

தேடுவோர் முதலிற் கற்கும் பாடம், தேடலை அயர்லாந்தில் தொடங்கக் கூடாது என்பதே. குடியேறிய நாட்டில் தொடங்கவேண்டும். அயர்லாந்து முழுவதும் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிலப்பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. அவற்றை நம் வழக்கிற் குறிச்சிகள் எனலாம். ஒருவரது குறிச்சி தெரிந்தால் பங்குக் கோவில் தெரியும். கோவில் தெரிந்தால் ஞானஸ்நானப் பதிவேடு தெரியும். குறிச்சி தெரியாதவர், ஒரே பெயருடைய நூற்றுக்கணக்கானோர் நடுவே திகைத்து நிற்க நேரும்.

ஆனால் அந்தக் குறிச்சியின் பெயரைத்தான் அமெரிக்க எழுதுவினைஞர்கள் பெரும்பாலும் எழுதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பயணிகள் பட்டியல்களிலும், 1906க்கு முற்பட்ட குடியுரிமைப் பத்திரங்களிலும் பிறந்த இடம் என்பதற்கு எதிரே 'அயர்லாந்து' என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் காணப்படுகின்றது. ஆகவே கல்லறை வாசகம், திருமணப் பதிவு, மரண அறிவித்தல், பழைய கடிதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துருவவேண்டியுள்ளது. 1850இல் நியூயோர்க்கில் தோன்றிய குடியேறியோர் சேமிப்பு வங்கி இவ்வகையில் ஒரு புதையல். கையொப்பமிடத் தெரியாத வாடிக்கையாளரை அடையாளங்காண, அவர் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் ஆகியவற்றை வங்கி குறித்துவைத்தது. சில்லறைப் பணத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டவை இன்று வமிசத்தைக் காட்டுகின்றன.

பத்திரிகையின் பணி

நம் போன்ற பத்திரிகையாளர் நெஞ்சைத் தொடும் மற்றொரு மூலம், பொஸ்டன் நகரில் கத்தோலிக்க அயர்லாந்தியருக்காக வெளிவந்த 'பைலட்' பத்திரிகை. 1831 முதல் 1921 வரை அது 'காணாமற்போன நண்பர்கள்' என்ற விளம்பரப் பகுதியை வெளியிட்டது. அக்கால அயர்லாந்து வழக்கில் 'நண்பர்' என்ற சொல் உறவினரையும் குறிக்கும். தம்பியைத் தேடும் தமக்கையும், இருப்புப்பாதை வேலைக்குச் சென்ற கணவனைத் தேடும் மனைவியும் காசு கொடுத்து அறிவித்தல் போட்டனர். ஆள் தவறாது அறியப்படவேண்டும் என்பதற்காக மாவட்டம், பங்கு, குறிச்சி, புறப்பட்ட ஆண்டு, கப்பல், கடைசியாகக் கண்ட இடம் என்பவற்றை எழுதினர். அரச அலுவலகம் கேளாமல் விட்ட விபரங்களை உறவின் தவிப்பு எழுதிவைத்தது. இந்த அறிவித்தல்கள் பிற்காலத்திற் பல தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டுள்ளன.

ஊர் தெரிந்தபின் அயர்லாந்தின் ஏடுகள் பயன்படத் தொடங்கும். கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்தமையால் 1922இன் தீக்குத் தப்பின. தேசிய நூலகம் அவற்றை நுண்படச் சுருள்களில் எடுத்துவைத்து, 2015இல் எவரும் கட்டணமின்றிக் காண இணையத்தில் இட்டது. இவற்றிற் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. ஜேம்ஸ் என்பவர் 'யாக்கோபுஸ்' ஆகியிருப்பார். ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களையும் கவனித்தல் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரிடும் வழக்கம் அங்கும் பரவலாக இருந்தமை தேடுவோருக்கு ஒரு துணை.

நிலவரி ஏடுகள் மற்றொரு வழி. திருச்சபை வரிக்காக 1823க்கும் 1838க்கும் இடையில் எழுதப்பட்ட ஏடுகள் காணி பயிரிட்டோரின் பெயர்களைத் தருகின்றன. றிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த நிலமதிப்பீடு, ஏறத்தாழ பத்து இலட்சம் குடியிருப்பாளரைக் குறிச்சிவாரியாகப் பட்டியலிடுகின்றது. முதல் ஏட்டில் இருந்த குடும்பப்பெயர் இரண்டாவதில் இல்லையெனின், இடையில் நிகழ்ந்தது மரணமா, வெளியேற்றமா, கப்பற் பயணமா என்ற வினா எழும். காணியற்ற கூலியாட்களோ முதல் ஏட்டில் இடம்பெறவேயில்லை. பிறப்பு, இறப்பு, திருமணம் அனைத்தையும் அரசு பதியத் தொடங்கியது 1864இலேதான்.

முதியோர் நிரூபித்த வயது

இப்பதிவு பிந்தித் தொடங்கியமை எதிர்பாராத ஒரு நன்மையைத் தந்தது. 1908ஆம் ஆண்டின் சட்டப்படி, எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு 1909 ஜனவரி முதல் வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் கிடைத்தது. வயதை நிரூபிக்க வேண்டும். ஆனால் அவர்கள் எவரிடமும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆகவே தம் பெற்றோர் பெயரையும் குறிச்சியையும் எழுதி, 1841 அல்லது 1851 குடிசன ஏட்டில் தம்மைத் தேடித் தருமாறு டப்ளினுக்கு விண்ணப்பித்தனர். எழுதுவினைஞர் தேடி, கண்ட குடும்ப விபரத்தை அப்படிவத்திற் குறித்தார். பின்னர் ஏடுகள் எரிந்தன. படிவங்கள் எஞ்சின. எரிந்த ஏடுகளின் சில வரிகள் இன்று நமக்குக் கிடைப்பது, ஐந்து ஷில்லிங்குக்காகத் தம் வயதை நிரூபிக்க அலைந்த முதியோரின் புண்ணியத்தால். அதிகாரிகள் முன் வயதையும் ஊரையும் நிரூபிக்கக் காத்துநின்ற நம் வாசகர்களுக்கு அந்த அலைச்சலை விளக்கவேண்டியதில்லை.

ஏடு திருத்திய கதை

ஏடுகள் குடும்பக் கதைகளைத் திருத்தவும் செய்யும். நியூயோர்க்கின் எலிஸ் தீவுக் குடிவரவு நிலையம் 1892 ஜனவரி 1இல் திறக்கப்பட்டபோது முதலிற் பதியப்பட்டவர் கோர்க் மாவட்டத்தைச் சேர்ந்த ஆனி மூர் என்ற இளம்பெண். அவர் மேற்கே ரெக்சாஸ் சென்று வாழ்ந்து 1923இல் விபத்தில் இறந்தார் எனப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. ரெக்சாஸ் ஆனி அமெரிக்காவிலேயே பிறந்த வேறொருவர் என்பதை மேகன் ஸ்மோலென்யாக் என்ற வமிச ஆய்வாளர் ஆவணங்களைக் கொண்டு 2006இல் எடுத்துக்காட்டினார். உண்மையான ஆனி நியூயோர்க்கின் வறிய குடியிருப்புகளிலேயே வாழ்ந்து 1924இல் மறைந்தவர். பெயர்க்கல்லின்றிக் கிடந்த அவரது கல்லறைக்கு 2008இற் கல் நாட்டப்பட்டது.

எலிஸ் தீவில் அதிகாரிகள் பெயர்களை மாற்றினர் என்ற கதையும் இத்தகையதே. புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்ட கப்பற் பட்டியலை வைத்தே அவர்கள் சரிபார்த்தனர். பெயர் மாற்றம் பலவேளை ஊரிலேயே நிகழ்ந்துவிட்டது. கொல்லன் மகன் எனப் பொருள்படும் 'மக் கவன்' என்ற ஐரிஷ் பெயர் ஓரிடத்தில் மக்கவுன் என ஒலிபெயர்ந்தது. மற்றோரிடத்தில் ஸ்மித் என மொழிபெயர்ந்தது. ஒரே வேரினர் இரு பெயரினராயினர்.

ரொறன்ரோவில் வாழும் வாசகர்கள் ஏரிக்கரையில் 2007இல் திறக்கப்பட்ட அயர்லாந்துப் பூங்காவைக் கண்டிருக்கக் கூடும். 1847இல், இருபதினாயிரம் பேர் வாழ்ந்த அந்நகருக்கு முப்பத்தெண்ணாயிரம் அயர்லாந்தியர் வந்திறங்கினர். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் காய்ச்சலில் மாண்டனர். பதிவுகளைத் துருவிக் கண்டெடுத்த நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. டப்ளினிலோ, தீவிபத்தின் நூற்றாண்டான 2022இல், திரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர்கள் உலகக் காப்பகங்களிற் சிதறிக்கிடந்த பிரதிகளைத் திரட்டி, எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீளக் கட்டியெழுப்பும் தம் முயற்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தனர். எங்கோ ஒரு பிரதி இருந்ததனாலேயே அது இயலுமாயிற்று.

இதிலிருந்து நம் குடும்பங்கள் செய்யக்கூடியது எளிது. விண்ணப்பப் படிவங்களின் பிரதிகளை, வழக்கு முடிந்தது என்று எறியாதீர்கள். அவற்றில் அந்நிய எழுத்தில் உருமாறிய பெயரின் அருகே, சரியான பெயரையும் ஊரையும் குறிச்சியையும் பாட்டன் பாட்டி பெயர்களையும் தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறொரு நாட்டிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். நாடு எது என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எவரும் சொல்லிவிடுவர். குறிச்சி எது என்பதை நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.