ஸ்கேனில் கல்லீரல் கட்டி: அறுவை எப்போது தேவை, உங்கள் உரிமை என்ன?

பித்தப்பைக் கல்லுக்காகவோ, தீராத வயிற்று வலிக்காகவோ அம்பாசமுத்திரத்தில் ஸ்கேன் எடுக்கிறவர்களில் சிலருக்கு, தேடாத ஒன்று அறிக்கையில் வந்து நிற்கிறது: ‘கல்லீரலில் கட்டி’. சில வீடுகளில் அன்றைக்கே நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்தால் கரைந்துவிடும் என்று அறிக்கையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. இன்ன வகைக் கட்டி என்று உறுதியாகத் தெரியாமல் அறுக்கவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது.

புற்றுநோய் அல்லாத கட்டிகள்

இவற்றில் அதிகம் காணப்படுவது ஹீமாஞ்சியோமா. ரத்தக்குழாய்கள் பின்னிச் சேர்ந்து உருவாகும் கட்டி இது. புற்றுநோயாக மாறாது. தொந்தரவு இல்லையென்றால் சிகிச்சையே தேவையில்லை. மிகப் பெரிதாகி, விடாத வலி தந்தால் மட்டுமே அறுவையைப் பற்றி யோசிப்பார்கள்.

அடுத்தது, அறிக்கையில் ‘எஃப்.என்.எச்.’ என்று எழுதப்படுவது. பெரும்பாலும் இளம் வயது, நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும். இதுவும் புற்றுநோயாவதில்லை, பெரும்பாலும் மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

கவனம் வேண்டியது மூன்றாவது வகையான அடினோமா. அரிதானது. நெடுங்காலம் ஹார்மோன் கருத்தடை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும், உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு எடுக்கும் ஆண்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே ரத்தம் கசியலாம். சில அடினோமாக்கள் புற்றுநோயாகவும் மாறலாம். பெண்களுக்கு, மாத்திரையை நிறுத்தி, உடல் எடையைக் குறைத்து, 6 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பது வழக்கம். அப்போதும் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ வளர்ந்திருந்தாலோ அறுவை தேவைப்படும். ஆண்களுக்கு வந்தால் அளவு எதுவானாலும் அகற்றச் சொல்வார்கள். மாத்திரை சாப்பிடும் எல்லாப் பெண்களும் இதை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. கட்டி இருப்பது தெரிந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு, காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிக்கு மாறிக்கொள்ளலாம்.

எப்படி உறுதி செய்வது?

சாதாரண ஸ்கேன் கட்டி இருப்பதைக் காட்டும்; அதன் வகையைப் பல நேரம் முடிவாகச் சொல்லாது. மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில், மருந்து கட்டிக்குள் எப்படிப் பரவி வடிகிறது என்பதை வைத்து வகையைக் கண்டறிவார்கள். கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றுக்கும், கல்லீரல் புற்றுநோய்க்கான குறியீடான ஏ.எஃப்.பி.க்கும் ரத்தப் பரிசோதனைகள் உண்டு. ஹெபடைட்டிஸ் பி தொற்றோ கல்லீரல் சுருக்கமோ உள்ளவர்களுக்குக் கட்டி தெரிந்தால், புற்றுநோய் இல்லை என்று நிரூபணமாகும்வரை தாமதம் கூடாது. ஊசி குத்திச் சதை எடுக்கும் பயாப்சி எல்லோருக்கும் தேவையில்லை. ஹீமாஞ்சியோமாவில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

கட்டி இருப்பது தெரிந்தவர்களுக்கு வலது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது?

அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். மேல் பரிசோதனைக்கு, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். உங்கள் சிகிச்சை திட்டத்தில் சேருமா என்று 1800 425 3993-இல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமை

என்ன வகைக் கட்டி, அறுக்காமல் கவனித்தால் என்ன ஆகும், செலவு எவ்வளவு என்று தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதும் உரிமைதான். அதற்காக யாரும் கோபிக்க முடியாது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தைக் கொண்டு, அவசரமில்லாத அறுவையைச் செய்யக் கூடாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள்.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறைபாடு இருந்தால் 2 ஆண்டுக்குள் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. டாக்டரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடமும் முறையிடலாம். பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெற முடியும், 15100-இல் கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் உங்கள் கையில் உள்ள காகிதங்கள்தான். ஸ்கேன் படம், அறிக்கை, ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் ஒப்பிடவும் அந்தக் கோப்புதான் வேண்டும்.