வெப்பநிலைநிறுத்தியின் முகம்

வாடைக்காலத்தின் கடுமையை நெடுநல்வாடையிலே புனைந்துரைத்த நக்கீரர், மாடத்துச் சாளரங்களை அடைத்துவிட்டுத் தடவு என்னும் தீச்சட்டியை அண்டிக் குளிர்காயும் மாந்தரைக் காட்டுகின்றார். தடவிலே குளிர்காய்வோனுக்கு அதனை ஆளும் முறையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெம்மை மிகுதியாக வேண்டுவோன் நெருங்குவான், போதுமென்போன் விலகுவான். நெருப்புக் கண்முன்னே கிடக்கின்றது. அதன் நிலை கண்ணுக்கும் தோலுக்கும் ஒருங்கே புலனாகின்றது. இக்காலக் குளிர்நாட்டு வீடுகளிலோ நெருப்பு மறைந்துவிட்டது. நிலவறையிலுள்ள உலையினுள்ளே அது எரிய, அதன் வெம்மை குழாய்களின் வழியே காற்றாகவோ நீராகவோ அறைதோறும் செல்கின்றது. வீட்டிலுள்ளோர் காண்பது சுவரிலே பொருத்திய ஒரு சிறு கருவியை மாத்திரமே. அதுவே வெப்பநிலைநிறுத்தி.

காணாத நெருப்போடு மனிதன் எங்ஙனம் பேசுவது? கருவியமைப்போர் ‘இடைமுகம்’ என வழங்குவது இவ்வினாவுக்கு அவர்கள் காணும் விடையையே. விளக்கு, கதவு, விசிறி, குளிரூட்டி ஆகியன யாவும் கைத்தொலைபேசிக்கும் குரலுக்கும் பணியும் ‘அறிதிறன் வீடு’ பரவிவரும் இந்நாளில், முன்பு உலைக்கு மட்டும் உரியதாயிருந்த இவ்வினா வீடு முழுவதற்கும் உரியதாகிவிட்டது. வீட்டுக் கருவிகளுள் வெப்பநிலைநிறுத்தியின் வரலாறு நெடியது. அதன் முகம் பன்முறை மாறியுள்ளது. ஆகவே அதனை எடுத்துக்கொண்டு இப்பொருளை ஆராய்தல் தகும்.

இக்கருவியின் முன்னோடிகளுள் ஒருவர் ஆசிரியர் என்பது ஈண்டுக் கூறத்தக்கது. அமெரிக்காவின் விசுக்கொன்சின் மாநிலத்தில், வைற்வோட்டர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலே கற்பித்த வொரன் ஜோன்சன், அறையின் சூட்டைப் பார்க்கவென்று கல்லூரிப் பணியாள் அடிக்கடி வகுப்பினுள் நுழைந்து பாடத்தைக் குலைப்பதைப் பொறாராயினார். அறையின் வெப்பநிலை மாறியதும் கீழேயுள்ள பணியாளுக்கு மணியொலித்து அறிவிக்கும் மின்கருவி ஒன்றை அவர் ஆக்கி, 1883 ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். சிறிது காலத்தின் பின் மினியாப்பொலிசு நகரில் அல்பேட் பற்ஸ் என்பவர், உலையின் காற்றுக் கதவைத் தானே திறந்து மூடும் பொறியை ஆக்கினார்; பணியாளுக்கும் மணிக்கும் இனி வேலையில்லாது போயிற்று. பற்ஸ் தொடங்கிய நிறுவனமே பல கைமாறிப் பின்னர் ஹனிவெல் என்னும் பெயரால் உலகறிந்ததாயிற்று.

அந்நிறுவனத்துக்காக ஹென்றி டிறைபஸ் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கி, 1953 இல் விற்பனைக்கு வந்த வட்டமான வெப்பநிலைநிறுத்தியைச் சற்று நின்று நோக்க வேண்டும். அதற்கு முன்னிருந்தவை பெரும்பாலும் நீள்சதுரப் பெட்டிகள். சுவரிற் சிறிது சரிந்திருந்தாலும் கண்ணை உறுத்துவன. வட்டத்துக்குக் கோணலென்பது இல்லை. ஆயினும் அதன் சிறப்பு அழகிலன்று, உள்ளமைப்பிலே உள்ளது. அதனுள்ளே இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த சுருளொன்று உண்டு. சூடேறும்போது ஓருலோகம் மற்றையதிலும் மிகுதியாக விரிவதனாற் சுருள் வளையும். அதன் முனையிலுள்ள கண்ணாடிச் சிமிழ் சரியும். சிமிழிலுள்ள இரசம் உருண்டு ஒருபுறம் சேர்ந்து மின்சுற்றை இணைக்கும், அல்லது துண்டிக்கும். வெளியேயுள்ள வளையத்தைத் திருப்புவோன் அச்சுருளையே திருப்புகின்றான். கை செய்வதற்கும் கருவி செய்வதற்கும் இடையே வேறொன்றும் இல்லை. வேண்டிய வெப்பநிலை ஒரு முள்ளாலும் அறையில் நிலவும் வெப்பநிலை மற்றொரு முள்ளாலும் ஒரே முகத்திலே காட்டப்பட்டன. சிறுவன் திருப்பலாம், பாட்டி திருப்பலாம், முதன்முறை வந்த விருந்தினனும் திருப்பலாம். பார்வை குன்றியோருக்கெனப் பெரிய மேடெழுத்துக்களும், திருப்புந்தோறும் எழும் சொடுக்கொலியும் உடைய வகையொன்றும் பின்னாளில் வெளிவந்தது. இரசம் நஞ்சாகலின் அவ்வமைப்பு இன்று கைவிடப்பட்டது. அதன் முகம் மாத்திரம் நிலைத்தது.

எளிய முகமும் உள்ளே நடப்பது யாதென்பதை முற்றாக உணர்த்திவிடும் என எண்ணுதல் தவறு. வில்லெற் கெம்ற்றன் என்னும் மானிடவியலறிஞர், மிச்சிகனிலுள்ள வீட்டாரோடு உரையாடி 1986 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, மக்கள் இக்கருவியைப் பற்றி இருவேறு கொள்கைகளைக் கொண்டிருந்தமையை விளக்கினார். ஒரு சாரார் அதனைத் தண்ணீர்க் குழாயின் திருகுபோல எண்ணினர்: கூடத் திருகினாற் கூட வெம்மை வரும் என்பது அவர் கொள்கை. மற்றையோர் அதனை ஒரு காவலாளாக எண்ணினர்: குறித்த அளவை எட்டும்வரை உலையை எரியவிட்டு, எட்டியதும் அணைப்பது அதன் தொழில் என்பது இவர் கொள்கை. சாதாரண உலையைப் பொறுத்தவரை பின்னையதே உண்மை. குறியை எவ்வளவு உயர்த்தினாலும் உலை ஒரே விரைவிலேதான் எரியும். அறை விரைவிற் சூடேறாது, மிகையாகவே சூடேறும்.

வெப்பநாட்டார் இதனைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. வெயிலில் வந்தவர் அறையை உடனே குளிர்விக்கக் கருதிக் குளிரூட்டியை 24 பாகையில் வையாது 16 பாகையில் வைப்பதும் இப்பிழையே. ஒரே வேகத்தில் ஓடும் சாதாரணக் குளிரூட்டி அதனால் விரைந்து குளிர்விப்பதில்லை. ஆனால் இப்பிழைக்கு மக்களை நோதலும் முறையன்று. அதே அறையிலுள்ள மின்விசிறியின் குமிழைக் கூடத் திருப்பினால் விசிறி மெய்யாகவே விரைந்து சுழல்கின்றதே! ஒன்றுபோலத் தோன்றும் இரு குமிழ்கள் இருவேறு நெறியில் இயங்கும்போது, அவ்வேறுபாட்டைக் காட்டவேண்டிய கடமை கருவியின் முகத்துக்கு உரியது. டொனால்ட் நோமன் என்னும் உளவியலறிஞர் 1988 இல் எழுதிய அன்றாடப் பொருட்களின் உளவியல் பற்றிய நூலின் சாரமும் இதுவே எனலாம்.

இனி, நேர்ந்த ஒரு பெருந்தோல்வியைக் காண்போம். இலக்கத் திரையும் பல பொத்தான்களும் உடைய வெப்பநிலைநிறுத்திகள் பின்னர்ப் பரவின. காலை எழும் நேரம், வேலைக்குச் செல்லும் நேரம், மீளும் நேரம், உறங்கும் நேரம் என ஒவ்வொரு நாளுக்கும் கட்டளை பதிந்துவிட்டால், ஆளில்லாதபோது உலை தணிந்து எரிபொருள் மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்க அரசின் ‘எனர்ஜி ஸ்ரார்’ திட்டமும் 1995 முதல் இவற்றுக்குத் தன் முத்திரையை வழங்கிற்று. ஆனால் எதிர்பார்த்த சேமிப்பு மெய்ப்பிக்கப்படவில்லை. 2009 ஆம் ஆண்டின் இறுதியோடு அம்முத்திரை மீட்டுக்கொள்ளப்பட்டது. காரணம் யாது? அலன் மையர் முதலிய கலிபோர்னிய ஆய்வாளர் 2011 இல் வெளியிட்ட கட்டுரை விடையிறுக்கின்றது. அவர்களால் வினாவப்பட்டோருள் ஏறத்தாழ 90 வீதத்தினர் கிழமை நாட்களுக்கோ வார இறுதிக்கோ கட்டளை பதிவதை அரிதாகவே செய்தனர், அல்லது செய்ததேயில்லை. ஏறக்குறையப் பாதிப்பேர் கட்டளைகளை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தி, கருவியை ஒரே நிலையில் வைத்திருந்தனர். அனுப்பப்பெற்ற நிழற்படங்களை நோக்கியவிடத்து, ஐந்திலொரு கருவி நேரத்தையே பிழையாகக் காட்டிற்று! நேரம் அறியாத கருவி நேரத்துக்கு உலையை மூட்டுவது எங்ஙனம்? பொறியில் அறிவு பெருகியது. அவ்வறிவைப் பெற மனிதன் கடக்கவேண்டிய வாயில் குறுகியது. இத்தோல்வியை வீட்டாரின் சோம்பலென்று கூறுவாரும் உளர். ஒரே பொத்தான் அழுத்தும் நேரத்தைப் பொறுத்து மூன்று பொருள் தருமாயின், சோம்பல் எவரிடத்தென்பது ஆராயத்தக்கது.

2011 இல், அப்பிள் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய ரொனி பெடலும் மற் றொஜர்சும் ‘நெஸ்ற்’ என்னும் கருவியை வெளியிட்டபோது, அது மீண்டும் ஒரு வட்டமாகவே இருந்தது. மீண்டும் ஒரு வளையத்தைத் திருப்பினாற் போதும். வீட்டார் சில நாள் திருப்புவதைக் கவனித்து, அவர்தம் பழக்கத்தைக் கருவியே கற்றுக்கொள்ளும். கட்டளை பதியும் சுமையைக் கருவியின் தோளுக்கு மாற்றிய இம்முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் 2016 சனவரியில் மென்பொருட் பிழையொன்றால் இக்கருவிகள் பலவற்றின் மின்கலங்கள் வற்றிப்போக, நடுக்குளிரிலே வீடுகள் குளிர்ந்தன. இரசச் சிமிழுக்கு அத்தகைய நோய் வந்ததில்லை.

கட்டளை தொலைவு செல்வதால் வேறோர் இடரும் உண்டு. கைத்தொலைபேசியிலே விளக்கின் குறியைத் தொட்டால், பல அமைப்புக்களில் அக்கட்டளை வெளியே எங்கோவுள்ள கணினிக்குச் சென்று மீண்டே விளக்கை அடைகின்றது. ஏறத்தாழ பத்திலொரு விநாடிக்குள் விடை கிடைப்பின் மனம் அதனை உடனடி விளைவாகக் கொள்ளும். ஒரு விநாடியைக் கடந்தால் ஐயம் பிறக்கும். ஐயுற்றவர் மறுபடியும் தொடுவார். அக்கட்டளை ‘இருந்த நிலையை மாற்று’ என்று அமைந்திருப்பின் முதற்றொடுகை ஏற்றிய விளக்கை இரண்டாவது அணைத்துவிடும். சுவரிலுள்ள ஆளி இவ்வாறு ஏமாற்றுவதில்லை: அது மேலோ கீழோ என்பது இருளிலும் விரலுக்குத் தெரியும். எனவே ‘ஏற்று’, ‘அணை’ என்னும் இரண்டையும் வேறாக வைத்து, கட்டளை சென்றுகொண்டிருப்பதைத் திரையிலே காட்டுதல் முறையாகும். 2022 இல் வெளியான ‘மற்றர்’ என்னும் பொதுநியமம் வீட்டுக் கருவிகள் வெளிக்கணினியின் துணையின்றி வீட்டினுள்ளேயே ஒன்றோடொன்று பேச வழிசெய்தமை நல்லதொரு படி.

உடற்குறையுடையோரையும் முதியோரையும் கருதுமிடத்து, வெப்பநிலைநிறுத்தியை ஏறத்தாழ ஐந்தடி உயரத்திற் பொருத்தும் வழக்கமே முதலில் வினாவுக்குரியதாகின்றது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அஃது எட்டாது. அமெரிக்காவில் பொதுக்கட்டடங்களுக்கான 2010 ஆம் ஆண்டு விதிகள், கையாள வேண்டிய பகுதி 48 அங்குலத்துக்கு மேற்படலாகாதென்றும், இறுகப் பற்றாமலும் கிள்ளாமலும் மணிக்கட்டைத் திருகாமலும் ஒரு கையால் இயக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டுமென்றும் கூறுகின்றன. இவ்விதி முன்னே நாம் புகழ்ந்த வட்டத்தையும் கூண்டிலேற்றுகின்றது! மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவருக்கு வளையம் எளிதன்று. பெரிய அழுத்துபலகையே எளிது. ஆகையால் எல்லார்க்கும் ஏற்ற ஒரே முகம் என்பது பெரும்பாலும் இல்லை. ஒரே செயலுக்கு இரண்டு வழிகள் இருத்தலே வேண்டப்படுவது.

திரைக்கும் இது பொருந்தும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டுமென்பது வலைத்தளங்களுக்கு 2008 முதல் வழங்கும் அளவுகோல். வீட்டுத் திரைகளுக்கும் அதனைக் கொள்ளலாம். சாம்பல்நிறப் பின்புலத்திலே மென்சாம்பல் எழுத்தைப் பொறித்து அழகென்போர் நாற்பது வயதுக்கு முன்னரே அதனை வடிவமைத்தவராதல் வேண்டும். சிவப்பெனிற் சூடு, நீலமெனிற் குளிர் என நிறத்தை மாத்திரம் நம்புதலும் ஆகாது. சொல்லோ குறியோ உடனிருத்தல் வேண்டும். வழவழப்பான கண்ணாடித் திரையிலே பார்வையற்றோரின் விரலுக்குப் பிடிமானமில்லை. தேடும் தொடுகையே கட்டளையாகிவிடவும் கூடும். 2014 இல் அமேசன் நிறுவனம் ‘எக்கோ’வை வெளியிட்ட பின் பரவிய குரற்கட்டளை அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஆனால் பக்கவாதத்தால் நாக்குழறுவோருக்கும் திக்குவாயருக்கும் அதே குரல்வழி பூட்டிய கதவாகின்றது. மேலும், விளக்குக்கு மகன் வைத்த பெயரைத் தாய் மறந்துவிடின் அவ்விளக்கு அவளுக்கு எரியாது.

இங்ஙனம் ஆராயின், கேள்வி கண்ணையும் கையையும் கடந்து, வீட்டில் எவருக்கு அதிகாரம் என்னும் இடத்துக்கு வந்து நிற்கின்றது. பழைய வட்டம் சுவரிலே இருந்தது. அதனருகே சென்றவர் எவரும் அதனை ஆண்டனர், பிறர் காணவே ஆண்டனர். புதிய கருவியை அமைத்தவர் ஒருவர். மறைசொல்லும் கணக்கும் அவருடையன. 2018 இல் ‘நியூ யோர்க் ரைம்ஸ்’ நாளிதழ் வெளியிட்ட செய்தியிலே, வீட்டைவிட்டு நீங்கிய துணைவர் தொலைவிலிருந்தே கருவிகளை ஆட்டிவைத்துப் பெண்களைத் துன்புறுத்தியமை விரிவாகக் கூறப்பட்டது. தான் தொடாமலே குளிரூட்டி அணைந்துபோவதைக் கண்ட பெண் தன் அறிவையே ஐயுறும் நிலை எய்துகின்றாள். ஆதலின் யார் எப்பொழுது எங்கிருந்து மாற்றினார் என்பதைச் சுவரிலுள்ள முகமே சொல்லவேண்டும். அங்கு நிற்பவரின் கை, தொலைவிலுள்ளவரின் கட்டளையை மேவவும் வேண்டும். வடிவமைப்போர் பலர் இதனைப் பாதுகாப்புத் துறையினரின் பொறுப்பென ஒதுக்குவர். இஃது இடைமுகத்தின் பொறுப்பே.

நெஸ்ற் கருவியை 2014 இல் விலைக்கு வாங்கிய கூகிள் நிறுவனம், அதன் முதலிரு தலைமுறைக் கருவிகளுக்குத் தான் வழங்கிவந்த இணையத் துணையை 2025 ஒற்றோபர் 25 ஆம் நாளோடு நிறுத்திற்று. அவற்றைக் கைத்தொலைபேசியால் இயக்கும் வசதி அன்றோடு அற்றுப்போயிற்று. சுவரிலுள்ள வளையத்தைத் திருப்பினாலோ உலை முன்போலவே எரிகின்றது.