பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன?

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் நம் கிராமங்களில் இன்று நன்கு வேரூன்றிவிட்டது. 1956-ஆம் ஆண்டில் காமராஜ் ஆட்சியில் தொடங்கிய பகலுணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் இதற்குப் பெருந்துணை புரிந்தன. ஆறு வயதுக் குழந்தை வீட்டிலிருந்தால், "ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை?" என்று ஊரே கேட்கிறது. பதினாறு வயதுப் பையன் படிப்பை நிறுத்தினாலோ, "வேலைக்குப் போகிறான்" என்று சொல்லி ஊர் அமைதி கொள்கிறது. அந்த அமைதி தகுமா என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் சிந்திக்க வேண்டும்.

சட்டத்தின் எல்லை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே உரியது. அதன்பின் கட்டாயம் இல்லை. பெற்றோரின் மனமும் வசதியுமே முடிவு செய்கின்றன. நம் மாநிலத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டது முதல், கல்லூரிக்குச் செல்ல விரும்புவோர் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக்களைக் கடந்தாக வேண்டும். ஆகவே, வாழ்க்கைப் பாதை பிரியுமிடம் பதினாறாம் வயதாக அமைந்துவிட்டது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2021-22-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதினர் தொகையோடு ஒப்பிட, உயர் கல்வியில் சேர்ந்தோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. இந்தியா முழுமைக்கும் 28.4. இது பெருமைக்குரியதே. ஆயினும் பாதிப் பேருக்கு மேல் இன்னும் வெளியே நிற்கின்றனர் என்பதையும் இவ்வெண்ணே காட்டுகிறது.

2025-ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாணவியர் நூற்றுக்கு 96.70 பேரும், மாணவர் 93.16 பேரும் தேறினர். அதே ஆண்டுப் பத்தாம் வகுப்பில் மாணவியர் 95.88, மாணவர் 91.74. பெண்ணைப் படிக்க வைக்க வேண்டுமென்று ஒரு காலத்தில் வற்புறுத்தினோம். இன்று பையன்கள் பின்தங்குவதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. இந்தத் தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை மட்டும் கொண்டு கணக்கிடப்படுவது. பத்தாம் வகுப்போடு நின்றவன் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வருவதேயில்லை. நாற்றங்காலில் விதைத்ததை விட்டுவிட்டு, வயலில் நட்டதை மட்டும் எண்ணினால் விளைச்சல் கணக்குச் சரியாகுமா?

நிற்பது ஏன்?

உயர்நிலைப் பள்ளி அருகிலிருந்தாலும் மேல்நிலைப் பள்ளி பல ஊர்களுக்குத் தொலைவில் இருக்கிறது. மாலையில் பேருந்து தவறினால் பெண் இருட்டில் வர வேண்டுமே என்று தாய் அஞ்சுகிறாள். பதினாறு வயதுப் பையனின் கூலி குடும்பத்துக்கு உடனே பயன்படுகிறது. செங்கற் சூளைக்கும் நூற்பாலைக்கும் ஆள் சேர்ப்பவர் முன்பணத்தோடு வீடு தேடி வருகிறார். ஒரு பாடத்தில் தவறியவன் வெட்கத்தால் மறுபடி எழுதுவதில்லை. சில இடங்களில் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. பெண்ணுக்கு 18 வயது நிரம்புமுன் மணம் முடிப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 14 முதல் 18 வயதினரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுக்கிறது.

இருக்கும் உதவிகள்

அரசாங்கப் பள்ளியிலும், உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்பில் சேர்வோருக்குச் சைக்கிள் வழங்கும் திட்டம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்கான மத்திய உதவித்தொகை பதினோராம் வகுப்பிலிருந்தே கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2½ லட்சத்துக்கு மேற்படலாகாது. அரசாங்கப் பள்ளியில் படித்து உயர் கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பெற்றன.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசாங்கப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவிகித இட ஒதுக்கீட்டை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. 2021-இல் பொறியியல், விவசாயம், சட்டம் முதலிய படிப்புக்களுக்கும் அது விரிந்தது. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகள் மட்டும் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தால், பிள்ளை இவ்வுரிமையை இழந்துவிடும். கடனும் மிஞ்சும்; உரிமையும் போகும்.

ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லாதவருக்கும் வழியுண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரி இரண்டாம் ஆண்டிலும் நேரே சேர இடமுண்டு. தொழில் கற்பது படிப்பின் முடிவாகிவிடாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை, பஞ்சாயத்துக்களுக்கு உரியனவாகக் குறிப்பிடும் 29 இனங்களில் உயர்நிலைக் கல்வியும் தொழிற்கல்வியும் அடங்கும். எனவே, இது பள்ளிக்கூடத்தாரின் வேலை மட்டுமன்று.

முதலாவதாக, பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்தவுடன், ஊரில் தேர்வு எழுதிய பிள்ளைகள் அனைவரையும் ஒரு நோட்டில் பதிவு செய்க. யார் எங்கே சேர்ந்தார், யார் சேரவில்லை, காரணம் என்ன என்று எழுதுக. பிள்ளைகளின் பெயரைச் சபையில் வாசித்து அவர்களை நாணச் செய்ய வேண்டாம். எண்ணிக்கையையும் காரணத்தையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைத்தால் போதும்.

இரண்டாவதாக, தேறாதவரின் வீட்டுக்கு அங்கத்தினர் ஒருவர் நேரில் செல்க. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடைபெறும். அதற்கு விண்ணப்பிக்கும் நாட்கள் சிலவே. அதைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

மூன்றாவதாக, சாதி, வருமானச் சான்றுகளும், வங்கிக் கணக்கும் தேர்வு முடிவுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். கடைசி நாளில் சான்றுக்கு அலைந்து உதவித்தொகையை இழப்போர் பலர்.

நான்காவதாக, பள்ளி விடும் நேரத்துக்கும் பேருந்து வரும் நேரத்துக்கும் பொருத்தமில்லையெனில், தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு அனுப்புக. ஊர் நூலகத்தில் மாலையில் விளக்கு எரிந்தால், வீட்டில் இடமில்லாத பிள்ளை அங்கே படிக்கும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தம் பிள்ளையாக எண்ணும் மனமும், ஒரு நோட்டும் போதும். கதிர் வாங்கும் பருவத்தில் தண்ணீரை நிறுத்தும் விவசாயி இல்லை. பதினாறு வயதும் அத்தகைய பருவமே.